ஷார்ஜாவிலிருந்து வந்த பம்பர்

சேரன்மகாதேவிக்கு இந்தப் பக்கம், வாழைத்தார் ஏற்றிப் போன டிராக்டர் ஒன்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த லாரியின் டிரைவர் சுடலைமணி பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கத்தான் செய்தது. ஆனால் அது நிற்க நினைத்த இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே டிராக்டரின் வால்பக்கம் இருந்தது. பெரிய அடி இல்லை. ஒரு தார்கூடக் கீழே விழவில்லை. லாரியின் முன்பக்கத்துப் பம்பர் மட்டும் நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் தொங்குமீசை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"யக்கா, வண்டிக்கு ஒண்ணுமில்ல" என்று சுடலைமணி போன் செய்தார். எடுத்த எடுப்பில் ஒன்றுமில்லை என்று ஒரு டிரைவர் சொன்னால் என்னவோ இருக்கிறது என்பது கமர் நிஷாவுக்குத் தெரியும். நாலு மாதமாக லாரி முதலாளியாக இருக்கிறாள். இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

வண்டி அவள் பேரில்தான் இருந்தது. ஆறு சக்கரம். பெரிய லாரி என்றும் சொல்ல முடியாது, குட்டியானை என்று ஒதுக்கவும் முடியாது, நடுத்தரம். ஆற்றங்கரை ஊர்களில் இருந்து வாழைத்தாரை நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் கொண்டு வரும். திரும்பும்போது சிமெண்டோ உரமோ கிடைத்ததை ஏற்றிக்கொண்டு போகும். யார் தோட்டத்தில் எப்போது தார் வெட்டுகிறார்கள், எந்த வாய்க்கால் கரையில் வண்டி போகும், எதில் போகாது என்பதெல்லாம் மேலப்பாளையத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே அவளுக்கு அத்துப்படி. இதற்கு முன் அவளுக்கு வண்டி என்றால் ஆட்டோதான்.

வாங்கச் சொன்னது அவள் கணவர் காஜா முகைதீன். இருபத்திரண்டு வருடமாக ஷார்ஜாவில் ஒரு பலசரக்குக் கடையில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம் ஊரில் இருப்பார். மிச்சத்துக்கு வீடியோ காலில் இருப்பார். வருகிற நோன்புப் பெருநாள் கழிந்ததும் விசாவைக் கேன்சல் அடித்துவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வந்த பிறகு பிழைப்புக்கு வேண்டுமே, அதற்குத்தான் லாரி. அந்த லாரியை அவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை. உள்ளங்கை அகலத்துக்குப் போனில் பார்த்ததுதான்.

காஜா முகைதீனிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு எது வாங்கினாலும் அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாளில் இருந்து சோற்றுக்குக் கரண்டி வரை, போனை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று பார்த்து அவர்தான் எடுப்பார். பாதியை அங்கேயே வாங்கிக் கார்கோவில் அனுப்பிவிடுவார். வந்து சேர்ந்ததும், எப்படி இருக்கிறது என்று கேட்பார். "அம்சமா இருக்கு மச்சான்" என்பாள் கமர் நிஷா. இருபத்திரண்டு வருடத்தில் இந்தப் பதிலை அவள் மாற்றிச் சொன்னதே இல்லை. அம்சமாக இருந்ததா என்பது வேறு கதை.

மறுநாள் காலையில் அவளும் சுடலைமணியும் வண்ணார்பேட்டைப் பக்கம் பாக்கியசீலனின் பட்டறைக்குப் போனார்கள். பாக்கியசீலன் பாளையங்கோட்டைக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுவார். மற்ற ஆறு நாளும் அதே குரலில் லாரிகளைப் பற்றிக் கெட்ட செய்தி சொல்லுவார். பொய் மட்டும் வராது. அதனாலேயே அவரிடம் கூட்டம் கொஞ்சம் குறைவு.

"மூணு தினுசு இருக்கும்மா" என்று மூன்று பம்பர்களைச் சுவரில் சாய்த்துக் காட்டினார். "இது கம்பெனிக்காரன் போடுற மாதிரியே உள்ள தகடு. லேசா தட்டுனாலும் நசுங்கும். ஆனா அடிய அதுவே வாங்கிக்கிடும். இன்னொண்ணு இது, கனத்த இரும்பு."

சுடலைமணிக்கு அந்தக் கனத்த இரும்பைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. குனிந்து விரலால் சுண்டினார். கோயில் மணி மாதிரி சத்தம் வந்தது.

"இதான் யக்கா பம்பர். இத மாட்டிட்டா எந்த டிராக்டரா இருந்தாலும் பாத்துக்கிடலாம்."

"பாத்துக்கிடலாம்" என்றார் பாக்கியசீலன். "பம்பருக்கு ஒண்ணும் ஆவாது. அடி நேரா அடிச்சட்டத்துக்கு, சேசிஸுக்குப் போவும். பம்பரக் காப்பாத்த வண்டியக் கொடுக்கணும். கனம் வேற முன்னால ஏறும், ஸ்டியரிங்கைத் திருப்பி நீங்கதான் தோள்பட்டைக்குத் தைலம் போடணும். இதுக்கு மேல பைப்பு வளைச்சு வைக்கச் சொல்லுவாங்க சில பேரு. அது சட்டத்துக்கு ஆவாது. ஆர்டிஓ ஆபீசுல எஃப்சிக்குக் காட்டப் போற அன்னைக்குக் கழத்தி வச்சிட்டுப் போவணும்."

மூன்றாவது, மூன்று துண்டாக இருந்தது. நடுத்துண்டு தனி, இரண்டு மூலையும் தனி. மூலையில் இடித்தால் மூலையை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். கமர் நிஷா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சில கேள்விகள் கேட்டாள். வாய்க்கால் கரையில் ஏறும்போது அடியில் தட்டுமா? சேற்றில் மாட்டினால் இழுக்கக் கயிறு கட்டுகிற கொக்கிக்கு வழி இருக்கிறதா? சுடலைமணி அண்ணன் ஆள் குட்டை, கண்ணாடி துடைக்க ஏறி நிற்க நடுவில் ஒரு படி கிடைக்குமா?

கடைசிக் கேள்வியில் சுடலைமணி கனத்த இரும்பை மறந்துவிட்டார். வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் மூன்று துண்டுதான் என்று முடிவாகிவிட்டது. பாக்கியசீலன் டேப்பை எடுத்து, அளந்து, நம்பாமல் மறுபடி அளந்து, சாக்பீஸால் தன் முழங்கையிலேயே குறித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் போனில் விஷயத்தைச் சொன்னதும் காஜா முகைதீன் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏளா, அங்கன ஒண்ணும் வாங்காத. நம்ம கடைக்குத் தண்ணிக்கேன் போடுத வண்டி ஒண்ணு தெனமும் வருது. அச்சு அசல் நம்ம வண்டி மூஞ்சிதான். இங்க பழைய சாமான் மார்க்கெட்ல அதுக்குப் பம்பர் குமிஞ்சு கெடக்கு. ஜப்பான் சரக்கு. நான் எடுத்து அனுப்புதேன்."

"சரி மச்சான்" என்றாள் கமர் நிஷா.

போனை வைத்ததும் மகள் தஸ்மியா தலையில் கைவைத்துக்கொண்டாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வாய் மட்டும் படித்து முடித்தாகிவிட்டது. "பம்பரக் கார்கோவுல அனுப்புத மனுசர் துனியாவுலயே நம்ம வாப்பா ஒருத்தர்தான் உம்மா. வேண்டாம்னு சொன்னா என்ன?"

"சொல்லலாம்ளா" என்றாள் கமர் நிஷா. அதற்கு மேல் மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த மனுஷர் இந்த வீட்டில் இருப்பதே எதையாவது எடுத்துக் கொடுப்பதால்தான். தாழ்ப்பாளில் இருக்கிறார், கரண்டியில் இருக்கிறார். இத்தனை வருடம் சரி சரி என்றுவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு வரப்போகிற நேரத்தில் முதல் தடவையாக வேண்டாம் என்றால், வண்டிக்குப் பம்பர் வேண்டாம் என்றா அவர் காதில் விழும்? நான் இல்லாமலே இவர்களுக்கு எல்லாம் நடக்கிறது, இனி நான் போய் என்ன செய்ய என்று நினைத்து விசாவைப் புதுப்பித்துவிட்டால்? அதற்குத்தான் அவள் பயந்தாள். அங்கே இரண்டு வருடம் என்று போய்ப் பத்து வருடம் ஆனவர்கள் அவள் தெருவிலேயே ஏழு பேர் இருந்தார்கள்.

கப்பல் சரக்கு மெதுவாகத்தான் வரும். ஒன்றரை மாதம் லாரி நைலான் கயிற்றுக் கட்டோடு ஓடியது. பாக்கியசீலன் பழைய பம்பரின் இரண்டு பாதியையும் சேர்த்து, கோணாமல், பத்திரமாகக் கட்டிக் கொடுத்திருந்தார். மார்க்கெட்டில் மற்ற டிரைவர்கள் சும்மா விடுவார்களா? வண்டிக்குப் பல்வலியா அண்ணாச்சி, தாடையில் கட்டுப் போட்டிருக்கிறீர்களே என்று கேட்டார்கள். ஒரு நாள் கொக்கிரகுளம் பாலத்துக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார்.

"என்ன வே இது?"

"புதுசு வருது சார். ஷார்ஜாவுல இருந்து."

போலீஸ்காரர் வண்டியை ஒரு தடவை சுற்றிவந்தார். தங்கம் வரும், சென்ட் வரும், போர்வை வரும்; அவருக்குத் தெரிந்து பம்பர் வந்ததில்லை. "வந்ததும் இங்கன ஒருக்க கொண்டாந்து காட்டிட்டுப் போவும். நானும் பாக்கணும்" என்று அனுப்பிவிட்டார். அன்று இரவு சுடலைமணி கமர் நிஷாவிடம், தனக்கு இந்தத் தொழிலில் இருபத்தாறு வருடத்து மரியாதை இருந்தது, இப்போது அது கயிற்றில்தான் நிற்கிறது என்று வருத்தப்பட்டார்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் தெருவில் திரும்பி வந்துகொண்டிருந்த நேரத்தில், கார்கோ வண்டி வந்து வாசலில் நின்றது. இரண்டு பேர் இறங்கி, பின்னால் இருந்து ஏழடி நீளத்துக்கு ஒரு பொட்டலத்தை மெல்ல இறக்கினார்கள். பூப்போட்ட வெள்ளைப் போர்வை சுற்றி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுவிலும் கயிறு கட்டியிருந்தது. ஒருவர் சீட்டைப் பார்த்து உரக்கப் படித்தார்: "காஜா முகைதீன், ஷார்ஜா."

தெரு அப்படியே நின்றுவிட்டது. வந்துகொண்டிருந்தவர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்தார்கள். எதிர்வீட்டு மாமி மாடியில் இருந்து பார்த்தவள், "யா அல்லா, எந்தம்பிய இப்படியாளா கொண்டாந்துட்டாவ" என்று அழுதுகொண்டே படியிறங்கி ஓடிவந்தாள். யாரோ ஒருவர் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

கமர் நிஷாவுக்குத் தெரியும், அது பம்பர்தான் என்று. வருகிறது என்று போன் வந்திருந்தது. சரக்கு எண்ணை அவளே எழுதி வைத்திருந்தாள். ஆனாலும் அந்த வெள்ளைப் போர்வையும், அந்த நீளமும், அந்தப் பேரும் சேர்ந்து வாசலில் கிடந்தபோது அவள் படியிறங்கவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமி வந்து பொட்டலத்தின் மேல் விழுந்தாள்; டங் என்று சத்தம் வந்தது. மாமி அழுகையை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள்.

பிரித்தபோது பம்பரின் வளைவுக்குள் இடம் வீணாகாமல் மூன்று டின் பால்மாவு, பேரீச்சம்பழம், கோடாலித் தைலம், குளியல் சோப்பு, மாமிக்கென்றே பேர் எழுதிய ஒரு சென்ட் பாட்டில் எல்லாம் அடைத்திருந்தது. மாமி சென்ட்டை வாங்கிக்கொண்டு, பம்பர் நல்ல பம்பர் என்று சொல்லிவிட்டுப் போனாள். கமர் நிஷா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அவர் மேல் கோபமாக வந்தது. போர்வையில் வேறு நிறமே கிடைக்கவில்லையா அந்த ஊரில்?

பம்பர் உண்மையிலேயே அழகு. பால் மாதிரி வெள்ளை, ஓரமெல்லாம் பளபளவென்று வெள்ளிப் பட்டை. அதை மாட்டினால் இந்த வண்டி என்ன, இந்த ரோடே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும் போலிருந்தது. பாக்கியசீலன் அதைச் சுற்றிவந்து, தடவிப் பார்த்து, அளந்தார். திரும்பவும் அளந்தார். அவர் மூன்றாவது தடவை அளந்தபோதே கமர் நிஷா உட்கார இடம் தேடினாள்.

"நல்ல சாமான்மா. அண்ணன் கண்ணு நல்ல கண்ணு" என்று ஆரம்பித்தார். "ரெண்டு பக்கமும் மூணு விரக்கடை கூடுதல். போல்ட் ஓட்டை எதுவும் நேருக்கு வரல. அதக்கூட எப்படியாவது பாத்துக்கிடலாம். அண்ணன் பாத்த அந்தத் தண்ணி வண்டிக்கு ஹெட்லைட் மேல, மூஞ்சியில இருக்கும். நம்ம வண்டிக்கு ஹெட்லைட்டே பம்பர்லதான் இருக்கு. இத மாட்டுனா வண்டிக்குக் கண்ணு தெரியாது."

"வெட்டி எடுத்து வெளக்கு வச்சிரலாம்லா?"

"வெட்டலாம். வெட்டுனா மிச்சம் ரெண்டு தகரந்தான் இருக்கும்."

கமர் நிஷா ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். போனில் பார்க்கும்போது விளக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று யார் கவனித்தது? அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு லுஹர் தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, மாட்டிய பம்பரைப் பார்க்க அவர் கூப்பிடுவார்.

கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. இருபத்திரண்டு வருட அனுபவம்.

"அண்ணே, நீங்க இடப்பக்கம் சக்கரத்துக்குப் பின்னால குனிஞ்சு நின்னு பம்பர் நுனியப் பிடிங்க" என்று சுடலைமணியிடம் சொன்னாள். "நீங்க வலப்பக்கம்" என்று பாக்கியசீலனைப் பார்த்தாள். "அஞ்சே நிமிசம். வண்டியோட ஒட்டிப் பிடிச்சிருந்தா போதும்."

"நான் பொய் சொல்ல மாட்டேன்மா" என்றார் பாக்கியசீலன்.

"நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம். பிடிச்சா போதும்."

பாக்கியசீலன் சிறிது நேரம் யோசித்தார். பிடிப்பது பொய்யில் சேருமா என்று அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதற்குள் சுடலைமணி தன் பக்கத்தைத் தூக்கிவிட்டார். வேறு வழியில்லாமல் இவரும் தூக்கினார்.

தஸ்மியா போனைப் பிடித்தாள். திரையில் காஜா முகைதீன் தெரிந்தார். கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், தோளில் ஒரு துண்டோடு. பம்பரைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கமர் நிஷாவுக்கு அதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"மாஷா அல்லாஹ். எப்படி இருக்குளா?"

"அம்சமா இருக்கு மச்சான்."

"நான் சொன்னேம்லா? அச்சு அசல் ஒரே மூஞ்சி. வெளக்கப் போடு பாப்போம்."

யாரும் அசையவில்லை. டிரைவர்தான் பம்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கமர் நிஷாவே கதவைத் திறந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறி விளக்கைப் போட்டாள். பம்பருக்குப் பின்னால் இரண்டு விளக்கும் முழுசாக எரிந்தன. மேல் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் கசிந்தது. முன்னால் ஒன்றும் வரவில்லை.

"எரியலியே" என்றார் காஜா முகைதீன்.

"எரியுது மச்சான்" என்று மேலே இருந்து குரல் கொடுத்தாள் கமர் நிஷா.

"இங்கன தெரியலியே. தஸ்மியா, பைய ஓரத்துக்குப் போ. போல்ட் எப்படிப் போட்டிருக்காவன்னு பாக்கேன். ஒரு பக்கத்துக்கு எத்தன போல்ட்?"

கமர் நிஷா இறங்கி ஓடிவந்தாள். அவசரத்தில் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டாள். "நாலு மச்சான். ரெண்டு பக்கமும் சேத்து எட்டு."

"ஆமா, தெரியுது, நாலு" என்றார் அவர். தஸ்மியாவின் கை வலது மூலைக்குப் பக்கத்தில் நின்றது. திரையில் அவர் கண்ணைச் சுருக்கினார். "ஏளா நிஷா. ஒரு போல்ட்ல கல்யாண மோதிரம் கெடக்கே."

பாக்கியசீலனின் விரல் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. அது இழுத்துக்கொண்டதும் இன்னும் மோசமாகிவிட்டது.

கமர் நிஷாவின் வாய்க்குள் எத்தனையோ பதில் வந்தது. ஜப்பான் போல்ட் அப்படித்தான் இருக்கும் என்றுகூட ஒன்று வந்தது. போனை மகளிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பொருந்தல மச்சான்."

அவர் முகத்தைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"அகலம் கூடிட்டு. வெளக்கையும் மறைக்குது. பிடிச்சுக்கிட்டு நிக்காவ."

காஜா முகைதீன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒரு அட்டைப்பெட்டியில் மெதுவாகச் சாய்ந்துகொண்டார். "அந்தக் கட்டிலு?" என்று கேட்டார்.

எந்தக் கட்டில் என்று அவள் கேட்கவில்லை. "மாடிப்படி திரும்புத எடத்துல ஏறல. கீழதான் கெடக்கு."

"நான் வந்தப்ப மாடியிலதான படுத்தேன்?"

"அது பக்கத்து வீட்டுக் கட்டிலு. ரெண்டு மாசத்துக்குக் கேட்டு வாங்குனோம்."

"தெரச்சீலை?"

"ஒரு முழம் கொற. அடியில வேற துணி வச்சுத் தச்சோம்."

"ஃபிரிட்ஜ்?"

"கதவு செவத்துல இடிக்கும். பாதிதான் தொறக்கும். கீழ் தட்டுல எதையாவது வச்சா பொறவு எடுக்க முடியாது."

"என் மவளுக்கு அனுப்புன செருப்பு?"

இதற்குத் தஸ்மியாதான் உம்மாவின் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து மெதுவாகச் சொன்னாள். "அது சின்னது வாப்பா. நீங்க போன லீவுல பாத்த காலு அது."

பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வேலையைத் தேடிப் பின்பக்கம் போய்விட்டார்கள். சுடலைமணிக்கும் பாக்கியசீலனுக்கும்தான் போக வழியில்லை. புருஷன் பெண்டாட்டி பேசுகிற இடத்தில் டங்கென்று பம்பரைப் போடுவது மரியாதையா? குனிந்தபடியே பிடித்துக்கொண்டு, ஒருவர் டயரையும் இன்னொருவர் கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கன நல்ல பம்பர் இல்லியா?" என்று காஜா முகைதீன் கேட்டார்.

கமர் நிஷா சொல்வதற்குள் இடது மூலையில் இருந்து சுடலைமணியின் குரல் வந்தது. "இருக்கு மொதலாளி. மூணு துண்டு. யக்கா அன்னைக்கே பாத்து முடிவு பண்ணிட்டாவ. படியோட."

"பொறவு ஏன்ளா ஒண்ணரை மாசமாக் கயித்தக் கட்டி ஓட்டுனிய?"

"நீங்க அனுப்புதேன்னு சொன்னியல்லா" என்றாள் கமர் நிஷா.

திரை உறைந்துவிட்டதோ என்று தஸ்மியா போனை லேசாக ஆட்டிப் பார்த்தாள். உறையவில்லை, அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். பேசியபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது, எதிரே இருப்பவள் கோபித்துக்கொள்வாளோ என்று கேட்கிற மாதிரி.

"கேன்சல் அடிச்சிட்டு வந்துருதேன்னு சொன்னேன். எல்லாருக்கும் நல்லதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். அதுக்கும் இப்படித்தான் சரின்னு சொன்னியா நிஷா? கட்டிலுக்குச் சொன்ன மாதிரி?"

இதை அவர் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் கமர் நிஷா இத்தனை வருடமும் அம்சம் அம்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிச் சொல்லியே அவர் இதைக் கேட்கும்படி ஆக்கிவிட்டாள். இப்போது ஆமாம், நீங்கள் வரவேண்டும் என்று சொன்னால் அவர் ஏன் நம்ப வேண்டும்? அவள் சொன்ன எது நின்றது? சத்தியம் செய்யலாம். அழலாம். இரண்டும் அவளுக்கு வரவில்லை. வருகிறேன் என்று அவர் போன் செய்த நாளை நினைத்துப் பார்த்தாள். முஹர்ரம் மாதம், அடுக்களையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நல்லா நெனச்சுப் பாருங்க" என்றாள். "கட்டிலுக்குச் சரின்னு சொன்னேன். ஃபிரிட்ஜுக்குச் சரின்னு சொன்னேன். இந்தப் பம்பருக்கும் சரின்னுதான் சொன்னேன். நீங்க வருதேன்னு சொன்ன அன்னைக்கு நான் சரின்னு சொல்லல. எப்போன்னு கேட்டேன்."

காஜா முகைதீன் நினைத்துப் பார்த்தார். நினைத்துப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. உதடு ஒரு தடவை அசைந்தது, அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்க்கிற மாதிரி. துண்டை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை துடைக்க வெகுநேரம் ஆயிற்று.

"பாவம், அந்த ரெண்டு பேரும் இன்னும் பிடிச்சுக்கிட்டு நிக்காவளா" என்றார் பிறகு. "மொதல்ல பம்பரக் கீழ வைக்கச் சொல்லு."

இருவரும் கீழே வைத்தார்கள். சுடலைமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாக்கியசீலன் மோதிர விரலை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"டேப் இருக்கா அங்கன?"

"இருக்கு."

"எடு. நம்ம வண்டி அகலம் எத்தன அடி, எத்தன இஞ்சுன்னு பாத்துச் சொல்லு. நான் எழுதிக்கிடுதேன்."

கமர் நிஷா பாக்கியசீலனிடமிருந்து டேப்பை வாங்கினாள். ஒரு நுனியைத் தஸ்மியா பிடித்துக்கொள்ள, வண்டியின் முன்பக்கத்தை இந்த மூலையில் இருந்து அந்த மூலை வரை அளந்து, கூட்டாமல் குறைக்காமல் இருக்கிறபடியே சொன்னாள்.